29 வருடம் ஓடிய ஃபாக்ஸ்புரோவை விட்டு டேலி பிரைமுக்கு வந்த பாத்திரக் கடை

எங்களுடையது கும்பகோணத்தில் பித்தளை, எவர்சில்வர் பாத்திரக் கடை. 1996-ல் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு கல்லூரி ஆசிரியர் ஃபாக்ஸ்புரோ 2.6 என்ற பழைய டாஸ் காலத் தரவுத்தள மென்பொருளில் எழுதிக் கொடுத்த கணக்கு நிரல்தான் 2025 மார்ச் வரை ஓடியது. நீலத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸே கிடையாது. எங்கள் கணக்குப்பிள்ளை மாமாவுக்கு 64 வயது. வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பில் போட்டு முடித்துவிடுவார். விரல்கள் தானாகப் போகும்.

மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தது மதர்போர்டால். விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய பழைய கணினி அது. இரண்டு முறை பழைய சாமான் கடையில் பாகம் தேடிப் போட்டோம். புதுக் கணினி வாங்கலாம் என்றால், இப்போதைய 64 பிட் விண்டோஸில் அந்தக் காலத்து டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) நிரல் நேராக ஓடாது. ஜிஎஸ்டி வந்ததே 2017 ஜூலையில்தான்; 1996-ல் எழுதியதில் அதற்கு இடம் ஏது? மாதா மாதம் எல்லா பில்லையும் ஆடிட்டருக்காக எக்செல்லில் நான் மறுபடி அடித்துக்கொண்டிருந்தேன். எட்டு வருடம் அப்படியே போனது.

டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு வருவதற்கு முன் ஒரு தப்பு செய்தோம். இணையத்தில் ஓடும் ஒரு பில்லிங் சேவையை, பார்க்க அழகாக இருக்கிறதே என்று நான்தான் பிடிவாதமாக எடுத்தேன். பழைய கணக்கு முழுவதையும் அவர்களே ஏற்றித் தருவதாகச் சொன்னார்கள், ஏற்றியும் தந்தார்கள். எங்களிடம் இருந்த வாடிக்கையாளர் 600 சொச்சம். புதியதில் பார்த்தால் 1,100-க்கு மேல்.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஃபாக்ஸ்புரோவில் ஒரு பெயரை நீக்கினால் அது கோப்பிலிருந்து உடனே போய்விடாது. அந்த வரியின் முதல் எழுத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். 'பேக்' என்று கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகவே அழியும். எங்கள் மென்பொருளில் யாரும் அதைக் கொடுத்ததே இல்லை. குறி விழுந்தவற்றைத் திரையில் காட்டாமல் மறைத்து வைத்திருந்தது. ஏற்றியவர்கள் அந்த முதல் எழுத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டார்கள்.

நான் கண்டுபிடிப்பதற்குள் அந்தச் சேவை தானாகவே பாக்கி நினைவூட்டல் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கிவிட்டது. காலமாகி ஆறு வருடம் ஆன ஒரு பெரியவரின் எண்ணுக்கும் ஒன்று போனது. அவர் மகன் அந்த செல்போனோடு கடைக்கு வந்தார். "அப்பா பாக்கி வெச்சுட்டா போனார்? நீங்க சொல்லவே இல்லையே" என்றார். கோபமே இல்லை, பர்ஸைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கேட்டார். அது எப்போதோ தீர்த்து மூடிய கணக்கு. அன்று சாயங்காலம் அப்பா அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். மறுநாளே அந்தச் சேவையை நிறுத்தினேன், பழைய நீலத் திரைக்கே திரும்பினோம்.

அந்தச் சேவை ஓடிய நாட்களில் மாமாவுக்கு வேறு கஷ்டம். எல்லாமே மவுஸ். ஒரு பில்லுக்கு நாலைந்து நிமிடம் ஆனது. ஐப்பசி முகூர்த்தச் சமயம், கல்யாணச் சீர் வாங்க வந்த குடும்பங்கள் நின்றுகொண்டிருக்க, அவர் அம்புக்குறியைத் தேடிக்கொண்டிருந்தார். "பாப்பா, எனக்கு வயசாயிடுச்சோ?" என்று கேட்டார். அதைக் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை.

அதனால்தான் டேலி பிரைம். 1986-ல் தொடங்கிய டேலி டாஸ் காலத்தில் வளர்ந்தது. அந்த விசைப்பலகைப் பழக்கத்தை அவர்கள் இன்றும் விடவில்லை. எஃப் 8 விற்பனை, எஃப் 9 கொள்முதல், எஃப் 6 வரவு, எஃப் 5 பட்டுவாடா. எதைத் தேடினாலும் ஆல்ட்டோடு ஜி. மாமா ஒரு அட்டையில் இவற்றை எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினார். பத்தாம் நாள் அட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

இந்த முறை பழைய கணக்கை அப்படியே ஏற்றவில்லை. ஏப்ரல் 1 அன்று உள்ள ஓப்பனிங் பேலன்ஸ் (தொடக்க இருப்பு) மட்டும். பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எக்செல்லில் சுத்தம் செய்து ஏற்றினோம், 4.0 பதிப்பிலிருந்து எக்செல் கோப்பை நேராக ஏற்ற வழி இருக்கிறது. சுத்தம் செய்யத்தான் மூன்று வாரம் ஆனது. பழைய மென்பொருளில் பொருள் பெயருக்கு 20 எழுத்துதான் இடம். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு என்பதைப் பாதியில் வெட்டி, ஆளுக்கு ஒரு விதமாக ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரே விளக்கு ஐந்து பெயரில் கிடந்தது.

ஸ்டாக்கையும் பழைய கணினி சொன்னபடி எடுக்கவில்லை. மார்ச் கடைசி மூன்று ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு எல்லாவற்றையும் தராசில் வைத்தோம். பித்தளை அண்டா கணக்கில் 48 கிலோ, தராசில் 41. அப்பா ஒன்றும் சொல்லாமல் 41 என்று எழுதச் சொன்னார்.

பாத்திரக் கடைக்காரர்களுக்கு முக்கியமான ஒன்று: நாம் எண்ணிக்கையில் எடுத்துக் கொடுத்து எடையில் காசு வாங்குகிறோம். டேலியில் ஒரு பொருளுக்கு இரண்டு அலகு வைக்கலாம். குடம் 2 எண்ணம், 3.450 கிலோ என்று ஒரே வரியில் போட்டு, கிலோவுக்கு விலை போடலாம். இது எங்களுக்குப் பெரிய நிம்மதி. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

எல்லாமே கையில் வந்துவிடாது. பழைய பித்தளையை எடுத்துக்கொண்டு புதியதில் கழிக்கும் வழக்கத்தைத் தனிக் கொள்முதலாகப் போட்டுத்தான் ஈடு செய்கிறோம். பில்லின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் டேலியின் நிரல்மொழி தெரிந்த ஆள் வேண்டும். விலையும் லேசானதில்லை: நாங்கள் வாங்கியபோது ஒரே கணினிக்கான சில்வர் என்ற உரிமம் 22,500 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 26,550.

பழைய மென்பொருளைத் தூக்கி எறியவில்லை. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் அதே நீலத் திரை புதுக் கணினியில் ஓடுகிறது. எழுதுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு மட்டும். "என் கல்யாணத்துக்கு அம்மா இங்கேதான் சீர் எடுத்தாங்க, என்னென்ன வாங்கினாங்கன்னு தெரியுமா?" என்று யாராவது கேட்டால் மாமா அதைத் திறந்து தேதியோடு சொல்கிறார்.

சில்வரில் ஒரே கணினிதான். முகூர்த்த நாட்களில் முன் கவுண்டரிலும் ஒன்று இருந்தால் நல்லது. அதற்குப் பல கணினிகளுக்கான கோல்டு உரிமம் வாங்க வேண்டும். அப்பா யோசித்துக்கொண்டிருக்கிறார்.