கருணாநிதி, ஜெயலலிதா: தொகுதிக் கணக்கு

கருணாநிதி 1957இல் குளித்தலையில் தொடங்கி 2016இல் திருவாரூர் வரை 13 முறை சட்டமன்றத் தேர்தலில் நின்றார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம் எனத் தொகுதி மட்டும் மாறியது. 1991இல் ராஜீவ் படுகொலைக்குப் பின் அடித்த எதிர்ப்பலையிலும் துறைமுகத்தில் 890 வாக்கில் தப்பினார். அப்புறம் அந்த எம்.எல்.ஏ. பதவியையும் ராஜினாமா செய்தார்.

ஜெயலலிதாவின் வரலாறு மேடு பள்ளம். 1989இல் போடிநாயக்கனூர். 1991இல் பர்கூர், காங்கேயம் இரண்டிலும் வெற்றி. முதல்வராக இருந்தபடியே 1996இல் அதே பர்கூரில் திமுக வேட்பாளர் சுகவனத்திடம் தோற்றார். 2001இல் வேட்புமனுவே தள்ளுபடி. ஆனாலும் முதல்வரானார், உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பதவி போனது. 2002 ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் மீண்டார்.

தோல்வியே காணாதது சாதனைதான். ஆனால் சொந்தத் தொகுதியையே இழந்து திரும்பி வந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.