ஐந்தாவது கால்: ஜெய்ப்பூர் கால், வலது பக்கம், முழங்காலுக்குக் கீழ

இது எனக்கு ஐந்தாவது பொய்க்கால். புதுசாப் போடப்போற ஆக்கள் கேட்டுக்கொண்டே இருக்கினம், அதால எழுதுறன்.

நல்லதை முதல்ல சொல்லுறன். பாதம் ரப்பர். சப்பாத்து இல்லாமலே நடக்கலாம், வயல் சேத்தில இறங்கலாம், குந்தி இருக்கலாம். 1968இல ஜெய்ப்பூரில டொக்டர் சேத்தியும் ராம் சந்திர சர்மா எண்ட கைவினைஞரும் செய்தது. வெறுங்காலோட திரியிற சனத்தை நினைச்சுச் செய்திருக்கினம் எண்டு போட்டாலே விளங்கும். தண்டு, தண்ணிக் குழாய் செய்யிற அதே பிளாஸ்டிக். அதைச் சூடாக்கி, எங்கட காலின்ர அச்சுக்கு மேல இழுத்துப் பிடிப்பினம்.

நான் தையல்காரி. மெஷின் மிதிக்க ஏலும். ஆனா பாதம் மிதிகட்டையில பட்டதோ இல்லையோ தெரியாது, குனிஞ்சு பாத்துத்தான் வைக்கவேணும். பழக ஆறு மாதம் எடுத்தது.

குறை எண்டால் வேர்வை. சித்திரை வெயிலில மத்தியானத்துக்குள்ள, மிஞ்சின காலில போட்டு பொய்க்காலுக்குள்ள விடுற சொக்ஸைப் பிழியலாம். மற்றது, மிஞ்சின கால் வர வர மெலியும். முதல் ஒரு சொக்ஸ், பிறகு ரெண்டு. மூண்டு போட்டும் ஆடினால் புதுக்கால் எடுக்கிற காலம் வந்திட்டுது எண்டு அர்த்தம். எனக்கு மூண்டு, நாலு வருஷத்துக்கு ஒருக்கா வருது.

விலை? இலவசம். பில்லில அப்பிடித்தான் இருக்கும். அளவெடுக்க ஒரு பயணம், போட்டுப் பாக்க ஒண்டு, உரஞ்சினால் திருத்த இன்னொண்டு. எனக்கும் கூட வாற தங்கச்சிக்கும் பஸ் காசு, அவளின்ர நாள் கூலி, என்ர தையல். 2022இல டீசல் இல்லாமல் பஸ் ஓடேல்லை. விளிம்பு வெடிச்ச காலுக்குச் சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டிக்கொண்டு நாலு மாதம் நடந்தனான்.

அளவெடுக்கிற தம்பிக்கும் ஒரு கால் இல்லை. "நோகுதோ?" எண்டு கேக்கமாட்டார், "எந்த இடத்தில?" எண்டுதான் கேப்பார். அவருக்காகவே அந்த நிலையத்துக்குப் போகலாம். சொக்ஸ் கேட்டால் மட்டும், "ஸ்டொக் முடிஞ்சுது அக்கா." இலங்கையின்ர 2025 வரவு செலவுத் திட்டத்தில பாதுகாப்பு அமைச்சுக்கு 442 பில்லியன் ரூபா. அப்ப சண்டை முடிஞ்சு 16 வருஷம். ஆருக்கு இன்னும் நடக்குது எண்டு தெரியேல்லை, எனக்குச் சொக்ஸ் இல்லை.

என்ர கால் போனது 2009 பங்குனியில, மாத்தளனில. செஞ்சிலுவைக் கப்பலில புல்மோட்டைக்குக் கொண்டுபோய், இந்திய டொக்டர்மார் எடுத்தவை. முதல் பொய்க்கால் செட்டிகுளம் முகாமில இருக்கேக்க கிடைச்சது. அது இப்பவும் மெஷினுக்குக் கீழ கிடக்கு. அதுக்குள்ள இப்ப என்ர கால் கலகலவெண்டு ஆடும்.

செருப்புச் சோடியாத்தான் வாங்கவேணும், வலதுதான் முதல் தேயும். அதையும் கணக்கில சேருங்கோ.

ஐந்துக்கு நாலு. ஒண்டு சொக்ஸுக்குக் குறைச்சது.