கும்பகோணத்துத் திரையரங்கு ஒன்றும் சூப்பர் ஹீரோ அடுத்த பாகங்களும்

கும்பகோணத்தில் நான் பல ஆண்டுகளாகப் போய்வரும் ஒரு திரையரங்கைப் பற்றிய மதிப்புரை இது. ஒளியிலும் ஒலியிலும் குறை சொல்ல இடமில்லை; முப்பரிமாணக் கண்ணாடிகளைத் துடைத்துத்தான் தருகிறார்கள். சூப்பர் ஹீரோ படங்களின் அடுத்த பாகம் வரும்போது எத்தனை காட்சி ஒதுக்குவது என்று நிர்வாகம் போடும் கணக்குதான் என்னை வருத்துகிறது.

2019 ஏப்ரல் 26 அன்று ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ வந்தபோது சம்பா அறுவடை முடிந்து, பள்ளிகளும் விடுமுறையில் இருந்தன. அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்த தமிழ்ப் பதிப்பைப் பார்க்க, பாபநாசம், திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தார்கள். உலகெங்கும் சுமார் 280 கோடி டாலர் வசூலித்த அந்தப் படத்தின் கூட்டத்தை நிர்வாகம் இன்னும் மறக்கவில்லை.

2023 நவம்பர் 10 அன்று ‘தி மார்வெல்ஸ்’ வெளியானது. அதன் முந்தைய பாகமான ‘கேப்டன் மார்வெல்’ 113 கோடி டாலர் ஈட்டியது உண்மைதான். ஆனால் அது எண்ட்கேமுக்கு ஏழு வாரம் முன்னதாக வந்த படம் என்பதையும், அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலும் அந்தக் கூட்டத்தில் கலந்திருந்தது என்பதையும் யாரும் கழித்துப் பார்க்கவில்லை. புதிய படத்தின் கதையோ ஓ.டி.டி. தொடர்களைப் பார்த்தவர்களுக்கே முழுதாக விளங்கும். அமெரிக்க நடிகர் சங்கத்தின் வேலைநிறுத்தம் வெளியீட்டுக்கு முந்தைய நாள்தான் முடிந்தது என்பதால் நடிகர்கள் விளம்பரத்துக்கு வரவில்லை. இங்கோ தீபாவளி வாரம்; ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’, ‘ஜப்பான்’ இரண்டும் அதே நாளில் வந்தன. இத்தனை இருந்தும் நாளுக்கு மூன்று காட்சி போட்டார்கள். தீபாவளி கழிந்ததும், முன்பதிவு செய்துவிட்டு அக்காள் மகனுடன் மழையில் பேருந்து ஏறிப் போய் இறங்கிய என்னிடம், ஆள் சேரவில்லை, காட்சி இல்லை என்று வாசலிலேயே சொன்னார்கள். டிக்கெட் பணம் திரும்பி வந்தது. பையனின் முகம் வாடியதற்கு ஈடு ஏது? அந்தப் படத்தின் உலக வசூல் சுமார் 20.6 கோடி டாலரோடு நின்றது.

அந்த அடியின் அச்சத்தில் 2024 ஜூலையில் நேர்மாறான தவற்றைச் செய்தார்கள். ‘டெட்பூல் & வுல்வரின்’ படத்துக்கு இரவுக் காட்சி ஒன்று மட்டும் ஒதுக்கினார்கள்; முதல் ஞாயிறன்று கல்லூரி மாணவர்கள் டிக்கெட் கிடைக்காமல் திரும்பிப் போனதை நானே பார்த்தேன். ‘ஏ’ சான்றிதழ் பெற்ற அந்தப் படம் உலகெங்கும் 133 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது.

சென்ற படத்தின் வசூலை அளவுகோலாகக் கொள்ளாமல், புதன், வியாழன் முன்பதிவைப் பார்த்துக் காட்சிகளை முடிவு செய்யலாம். தமிழ்ப் பதிப்புக்கு மாலைக் காட்சி ஒன்றை, ஆள் குறைந்தாலும் ஒரு வாரம் நிறுத்தாமல் ஓட்டலாம். இந்த இரண்டையும் நிர்வாகம் செய்யும்வரை, என் மதிப்பீடு ஐந்துக்கு மூன்றுதான்.