யூத் குரூப்புக்கு யூவெர்ஷன் பைபிள் ஆப் செட் ஆகுமா?

எங்க சபை வாலிபர் கூட்டத்துல முக்கால்வாசி புள்ளைங்க இங்கிலீஷ் மீடியம். தமிழ் நல்லா பேசுவாங்க, ஆனா பைபிள கையில குடுத்து சங்கீதம் 91 வாசின்னா எழுத்துக்கூட்டி முடிக்கறதுக்குள்ள பக்கத்துல இருக்கவன் சிரிச்சுருவான், அந்த வெக்கத்துலயே யாரும் கைய தூக்கறதில்ல. இவங்களுக்காகத்தான் இந்த ஆப்ப போட சொன்னேன். தமிழ்ல ஆடியோ இருக்கு, இயர்போன மாட்டிட்டு கேட்டுட்டே வசனத்த கண்ணால தொடர்ந்து போலாம், பழைய மொழிபெயர்ப்பும் இருக்கு, எளிய நடையில உள்ளதும் இருக்கு, எது வேணுமோ மாத்திக்கலாம்.

ஆப் இலவசம், விளம்பரம் கிடையாது. அமெரிக்கால ஒக்லஹோமால இருக்க லைஃப்.சர்ச்ங்கற சபைக்காரங்க பண்ணது, 2008ல ஆப்பிள் ஆப் ஸ்டோர் தொறந்தப்பவே உள்ள இருந்த ஆப்ல இதுவும் ஒண்ணு, காணிக்கையிலதான் ஓடுது.

ஸ்ட்ரீக், அதாவது விடாம எத்தன நாள் ஆப்ப தொறந்தோம்னு எண்ணிக் காட்டற விஷயம் மட்டும் எனக்கு அவ்வளவா புடிக்கல. ஸ்னாப்சாட்ல பழகுன புள்ளைங்களுக்கு இது டக்குனு புடிச்சுரும், அதுக்குத்தான் வச்சிருக்காங்கன்னும் புரியுது. ஆனா தொறந்து மூடுனாலே நம்பர் ஏறிரும், வாசிச்சோமா தூங்குனோமான்னு அதுக்கு என்ன தெரியும்? வசனத்த போட்டோ மேல எழுதி ஸ்டேட்டஸ் வைக்கறதும் அப்படித்தான், ரொம்ப வருஷமா நம்மாளுங்க வீட்டு செவுத்துல வாக்குத்தத்த வசன கார்டு ஒட்டுறாங்கல்ல அதோட டிஜிட்டல் வெர்ஷன், போகட்டும்.

உண்மையிலயே வேலை செய்யறது நண்பர்களோட சேந்து பிளான், அதாவது ஒரு தலைப்புல நாளுக்கு இவ்வளவுன்னு பிரிச்சு வச்ச வாசிப்பு, படிக்கற வசதிதான். நாலஞ்சு பேரு ஒரே பிளான எடுத்துக்கலாம், ஒவ்வொரு நாள் பகுதி முடிஞ்சதும் கீழ பேசறதுக்கு ஒரு இடம் வரும். நீட் ரிசல்ட்டுக்கு முன்னாடி கவலைய பத்தின ஒரு சின்ன பிளான் எடுத்தோம், அன்னைக்கு பிலிப்பியர் 4:6, ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்கன்னு சொல்ற வசனம். கூட்டத்துல வாயே தொறக்காத ஒரு தம்பி ராத்திரி பதினொன்றரைக்கு "அண்ணா, இத படிச்சாலும் வயித்த கலக்குதுண்ணா"ன்னு போட்டான். அதுக்கு கீழ வரிசையா மத்தவங்களும் எனக்கும்டா, எனக்கும்டான்னு வந்தாங்க. மைக் புடிச்சு நான் ஒரு மணி நேரம் பேசிருந்தாலும் இந்த ஒரு வரி வந்துருக்காது.

இங்கிலீஷ் அளவுக்கு தமிழ்ல பிளான் இல்ல, டீன் ஏஜ் பசங்களுக்குன்னு தேடுனா இன்னும் கம்மி. கலந்து எடுத்துக்கோங்க.

குரூப்ப சின்னதா வச்சுக்கோங்க, முக்கியமா ஐயர, அதான் சபை போதகர, சேக்காதீங்க. எங்க ஐயர் தங்கமான மனுஷன், ஆனா அவர் பேர் லிஸ்ட்ல தெரிஞ்சா எல்லாரும் ஆமென்ன தவிர வேற எதுவும் டைப் பண்ண மாட்டானுங்க.