கைப்பிடியில் கட்டிய அட்டை

நான்கு ஆண்டுகளாக என் மவுண்டன் பைக்கை ஒரே ஒரு மெக்கானிக்கிடம்தான் கொடுத்து வந்தேன். மலைப்பாதையில் எங்களோடு சேர்ந்து ஓட்டியவரும் அவரே, ஓட்டி உடைத்ததைச் சரிசெய்து தந்தவரும் அவரே. முப்பது வயதைக்கூட எட்டாத அந்தத் தம்பி, மாலை வரை பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் அவர் இல்லை என்று செய்தி வந்தது. என்ன ஆயிற்று என்று பேசுவது அவருடைய குடும்பத்தாருக்கு உரியது. அவருடைய வேலையைப் பற்றிப் பேச அவரிடம் சைக்கிள் கொடுத்து வாங்கிய எவருக்கும் உரிமை உண்டு என்பதால், அந்தப் பட்டறையைப் பற்றிய இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதல் முறை நான் அங்கே போனது பிரேக்குக்காக. வேறோர் இடத்தில் எண்ணெய் மாற்றிய சில வாரங்களிலேயே முன் பிரேக்கின் லீவர் திரும்பி வராமல் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தது. அவர் ஒரு சொட்டை வெளியே எடுத்துப் பார்த்தார். மினரல் ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டிய பிரேக்கில் யாரோ டாட் (DOT) எனப்படும் வேறு வகை பிரேக் திரவத்தை ஊற்றியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குகளில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சேராதவை. ஒன்றுக்கென்று செய்த ரப்பர் சீல் மற்றொன்றில் ஊறினால் உப்பிக் கெட்டுவிடும். “அண்ணா, எண்ணெயை மட்டும் மாற்றித் தந்தால் இன்றைக்குப் பிடிக்கும், இறக்கத்தில் கைவிட்டுவிடும். முழு செட்டையும் மாற்றாமல் இந்த வண்டியை நான் வெளியே அனுப்ப மாட்டேன்” என்றார். முன்பு வேலை செய்தவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று நான் பிடிவாதமாக வாதாடினேன் என்பதையும், அவர் சற்றும் குரலை உயர்த்தாமல் உப்பிய சீலை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார் என்பதையும் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அவருடைய கைத்திறனுக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்ல வேண்டுமானால், கியர் மாற்றும் டெரய்லரைச் சட்டகத்தோடு இணைக்கும் ஹேங்கரைச் சொல்வேன். கியர் தானாகத் தாவுகிறது என்று சைக்கிளைக் கொண்டுபோனால், பெரும்பாலான இடங்களில் கேபிளை இழுத்தோ தளர்த்தியோ தந்து அனுப்பிவிடுவார்கள். அவர் முதலில் டெரய்லரையே கழற்றிவிடுவார். பிறகு ஹேங்கரின் துளையில் அளவுகோலைத் திருகி, அதன் நீண்ட கையை ரிம்முக்கு அருகே கொண்டுவந்து, மேல், கீழ், முன், பின் என நான்கு இடங்களில் இடைவெளியை ஒப்பிடுவார். அளவுகோலைத் திருப்பும்போதெல்லாம் சக்கரத்தையும் கூடவே சுழற்றி, காற்றடிக்கும் வால்வு எப்போதும் அளவுகோலின் முனையிலேயே வந்து நிற்கும்படி செய்வார். ரிம்மின் ஒரே புள்ளியை வைத்து நான்கு இடங்களையும் அளந்தால்தான் ரிம்மில் இருக்கும் கோட்டம் ஹேங்கரின் கோட்டமாகத் தெரியாது என்பது அவர் எனக்குச் சொல்லித் தந்தது. பின்சக்கரத்தில் பன்னிரண்டு பற்சக்கரங்கள் கொண்ட அடுக்கான கேசட்டில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 4 மி.மீ. தூரம்கூடக் கிடையாது என்பதால், கண்ணுக்குத் தெரியாத வளைவுகூட அங்கே கியரைக் கெடுத்துவிடும். சட்டகத்தைக் காப்பாற்றுவதற்காகவே மென்மையாகச் செய்யப்பட்ட அந்தச் சிறிய அலுமினியத் துண்டை அவர் ஒரே மூச்சில் வளைத்து நான் பார்த்ததில்லை. சிறிது வளைப்பார், அளப்பார், மறுபடியும் சிறிது வளைப்பார்.

வேலைக்கு வந்த ஒவ்வொரு சைக்கிளின் கைப்பிடியிலும் ஓர் அட்டையைக் கட்டி, வேலை நடக்க நடக்க அதை எழுதித் தருவது அவர் வழக்கம். அதில் மூன்று பகுதிகள் இருக்கும்: செய்தவை, செய்யாதவை, அடுத்து எப்போது. “பின் டிஸ்க் 1.6 மி.மீ.; 1.5 ஆனால் மாற்றவும்”, “செயின் தேய்மானம் 0.5 சதவீதத்தை நெருங்குகிறது”, “ஃபோர்க்கின் கீழ்க்கால் சர்வீஸ் 50 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு” என்று எண்களோடு எழுதியிருப்பார். இரண்டாவது பகுதியை எழுதித் தரும் மெக்கானிக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. செய்யாமல் விட்டதை வாடிக்கையாளரிடம் தானே எழுதிக் கொடுக்க நேர்மையும் வேண்டும், வேலையின் மேல் நம்பிக்கையும் வேண்டும்.

பாதையில் அவர் எப்போதும் கடைசியாகத்தான் வருவார். எங்கள் குழுவில் அவரைவிட வேகமாக இறங்கக்கூடியவர் யாருமில்லை. ஆனாலும் கருவிப் பையோடு பின்னால் வந்து, நின்றுபோனவர்களுக்கு அருகில் நிற்பார். ஒருமுறை என் டெரய்லர் பாறையில் மோதி உடைந்தபோது, செயினை அங்கேயே வெட்டிச் சுருக்கி, ஒரே கியரில் ஓடும்படி மாட்டி, என்னை வீடு சேர்த்தார். 1976இல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் பழைய சைக்கிள்களில் மலையிறங்கிப் போட்டியிட்டவர்களைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார். ஒரே இறக்கத்தில் சக்கர மையத்தில் (ஹப்பில்) இருந்த அவர்களுடைய பிரேக்கின் கிரீஸ் எரிந்து புகையாகிவிடுமாம். கீழே போனதும் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைத்தாக வேண்டும் என்பதால்தான் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ (மறுபடி அடைப்பது) என்று பெயர் வந்தது. “மெக்கானிக் வேலை தெரியாதவன் அன்றைக்கு இரண்டாவது தடவை இறங்கியிருக்க முடியாது, அண்ணா” என்று சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த பெருமிதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

குறைகளும் இருந்தன. சொன்ன நாளில் சைக்கிள் கிடைத்தது அரிது. வேலையின் நடுவில் அழைப்புகளை எடுக்க மாட்டார். முக்கியமான எந்த வேலையையும் உதவியாளரிடம் விடாமல் தானே செய்ததால், அவர் மறைந்த அன்று பட்டறையில் பாதியில் நின்ற சைக்கிள்கள் பல. இனி அந்த இடம் திறக்காது என்றே நாங்கள் நினைத்தோம்.

திறந்தது. அவரிடம் வேலை பழகிவந்த பையன், பாதியில் நின்ற ஒவ்வொரு சைக்கிளிலும் தொங்கிய அட்டையைப் படித்து, ‘செய்யாதவை’ என்ற பகுதியிலிருந்து வேலையைத் தொடங்கியிருக்கிறார். எந்த போல்ட் இன்னும் முறுக்கப்படவில்லை, எந்தப் பிரேக்கில் காற்று எடுக்கப்படவில்லை என்பதெல்லாம் அதில் இருந்தது. உரிமையாளர்களிடம் எதையும் கேட்காமலேயே எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டார்.

முன்சக்கரத்தைத் தாங்கும் என் ஃபோர்க்குக்கு அட்டையில் குறித்திருந்த 50 மணி நேர ஓட்டம் முடிந்து சில வாரங்கள் ஆகியும் அங்கே போக மனம் வரவில்லை. போன வாரம்தான் கொண்டுபோனேன். வடித்த எண்ணெய் சாம்பல் நிறமாகியிருந்தது. அந்தப் பையன் நுரை வளையங்களை மாற்றி, புதிய எண்ணெயில் ஊறவைத்து, ஒவ்வொரு காலுக்கும் தயாரிப்பாளர் குறித்த அளவை ஊசிக் குழலில் இழுத்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் ஊற்றினார். அவருடைய கை இன்னும் நிதானமாகத்தான் போகிறது. ஹேங்கரை நேராக்க, மறைந்தவருக்கு ஆனதைப்போல் இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டார். ஆனால் வால்வு ஒவ்வொரு முறையும் அளவுகோலின் முனைக்கு வந்து நின்றது. அவசரமில்லாதவர்கள் தயங்காமல் அவரிடம் சைக்கிளைக் கொடுக்கலாம்.

கைப்பிடியில் இப்போது வேறொரு கையெழுத்தில் எழுதிய அட்டை தொங்குகிறது. செய்யாதவை: பின்சக்கரத்தில் இரண்டு ஸ்போக் தளர்வு, சரியான நீளம் கையிருப்பில் இல்லை, மாற்றவில்லை. அடுத்து எப்போது: வரும் மாதம், மலைக்குப் போகும் முன்.