கேபிளா, வைஃபையா: தொடர்மாடி வீட்டுக்கு எது பொருந்தும்?

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஃபைபர் இணைப்பு வரவேற்பறையோடு நின்றுவிட, படிப்பறை இரண்டு கொங்கிறீட் சுவர்களுக்கு அப்பால் இருப்பதால், கேபிள் இழுப்பதா வைஃபையையே நம்புவதா என்று பலர் தடுமாறுகிறார்கள்.

செலவு: வைஃபைக்கு ரவுட்டரே போதும், கேபிளுக்குக் கேசிங்கும் (கேபிளை மூடும் பிளாஸ்டிக் குழாய்) கூலியும் சேரும்.

வேகம்: கேட் 5இ வகை வலையமைப்புக் கேபிள் 100 மீற்றர் வரை விநாடிக்கு 1 கிகாபிட் தரும். வைஃபையின் இரு அலைவரிசைகளில் 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானதெனினும் சுவர்களில் தளர்ந்துவிடும்; 2.4 கிகாஹேர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் (அலைவழிகள்) அதில் மூன்றே என்பதால், அயல்வீட்டு ரவுட்டர்களோடு இடநெருக்கடி தவிர்க்க முடியாதது.

உழைப்பு: நல்ல கேபிள், ரவுட்டரைப் பலமுறை மாற்றிய பின்னும் உழைக்கும். புறக்கோட்டையில் வாங்கும்போது உள்ளிருக்கும் கம்பியின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அது முழுச் செப்பல்ல, செப்புப் பூசிய அலுமினியம்; தவிர்த்துவிடுங்கள்.

மேசைக்கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் கேபிள், கைபேசிகளுக்கு வைஃபை என்பதே என் தெரிவு. படிப்பறையிலும் வைஃபை வேண்டுமானால், வைஃபை சிக்னலை வாங்கி மீண்டும் பரப்பும் ரிப்பீட்டரைவிட, அங்கே ஒரு கேபிளை இழுத்து, பழைய ரவுட்டரின் டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதி) நிறுத்தி, அதன் முகவரியைப் பிரதான ரவுட்டரின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, கேபிளை அதன் லான் (LAN) துளையில் செருகுவது மேல்.