மருந்து விற்க மறுத்த பாறசாலை அக்வேரியம் கடை

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குப் போகும் வழியில் இருக்கும் இந்தச் சிறிய கடைக்கு நான் முதலில் போனது, பாசிக்கு உரமாகும் பாஸ்பேட்டைத் தண்ணீரிலிருந்து உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகள் இன்னொரு பொட்டலம் வாங்குவதற்காகத்தான். கடைக்காரரோ பொட்டலத்தை எடுத்துத் தராமல், தொட்டித் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். மார்த்தாண்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போயிருந்த எனக்கு அன்று எரிச்சலாகத்தான் இருந்தது.

பவளம் வளர்க்கும் எனது 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் பச்சைப் பாசி மண்டியபோது, வேறொரு கடையில் சொன்னதை நம்பி அந்த மணிகளை அளவு பாராமல் போட்டிருந்தேன். பாசி போயிற்று; கூடவே பூப்போல விரியும் ஜோவாந்திட் என்ற பவள இன உயிர்களின் நிறம் வெளுத்தது, லெதர் பவளம் என்ற மென்பவளம் விரியாமல் சுருங்கி நின்றது, மணலின் மேல் காற்றுக்குமிழிகள் கோத்த பழுப்பு நூல்போல ஒரு வழுவழுப்புப் படர்ந்தது. பாஸ்பேட் இன்னும் மிச்சமிருப்பதாகவே நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் கொண்டுபோன தண்ணீரைக் கடைக்காரர் என் கண்முன்னே சோதித்தார். சோதனைப் பொடி கலந்த கண்ணாடிக் குப்பியை, நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவைக் காட்டும் நிறமானிக்குள் வைக்குமுன், ஒரு விரல் ரேகைகூட இல்லாதபடி துணியால் துடைத்தார். இவ்வளவு நுண்ணிய அளவில் சிறு கறையும் முடிவை மாற்றிவிடும். நைட்ரேட் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு), பாஸ்பேட் பூஜ்யம். “பாசியை மட்டுமில்லை அண்ணா, பவளத்தையும் சேர்த்துப் பட்டினி போட்டுட்டீங்க” என்றார்.

பவளத்தின் திசுவுக்குள் வாழும் ஒற்றைச்செல் பாசிகள்தாம் ஒளியைக் கொண்டு அதற்கு உணவு ஆக்கித் தருகின்றன. அவற்றுக்கு நைட்ரஜனும் வேண்டும், பாஸ்பரசும் வேண்டும். பாஸ்பேட் அடியோடு தீர்ந்துவிட்டால் நைட்ரேட்டைத் தின்று பெருகும் பாக்டீரியாவும் தேங்கிவிடும் என்பதால், நான் எத்தனை மணிகளைப் போட்டும் நைட்ரேட் இறங்காமல் நின்றதன் காரணம் அன்றுதான் புரிந்தது. மணிகளை எடுத்துவிடவும், மீன்களுக்கு ஆர்ட்டீமியா என்ற உறைந்த சிற்றிறாலைச் சற்றுக் கூட்டிப் போடவும், வாரம் இருமுறை சோதிக்கவும் சொன்னார். அன்று எதையும் விற்கவில்லை. ஏழு வாரத்தில் பாஸ்பேட் 0.05, நைட்ரேட் 9 என நிலைத்தன. ரீஃப் தொட்டி, அதாவது பவளத் தொட்டி வைப்பவர்கள் பொதுவாக நாடும் பாஸ்பேட் 0.03 முதல் 0.1, நைட்ரேட் 2 முதல் 10 ஆகிய வரம்புகளுக்குள் இவை அடங்கும். லெதர் பவளம் மேல்தோலை உரித்துவிட்டு மறுபடியும் விரிந்தது.

கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மிகக் கடும் பாதுகாப்புள்ள முதல் பட்டியலில் இருப்பதால், கேட்டாலும் அவர் தருவதில்லை. அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது.

குறை சொல்வதானால், கேனில் விற்கும் கடல்நீரைத்தான் சொல்லவேண்டும். தென்மேற்குப் பருவமழையில் எங்கள் குழித்துறைத் தாமிரபரணி தேங்காய்ப்பட்டணத்தில் கலங்கலாகக் கடலில் சேரும் நாட்களில் வாங்கிய கேனில் உப்பு ஆயிரத்துக்கு 35 இருக்கவேண்டிய இடத்தில் 29-தான் இருந்தது. மறுபேச்சில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டார் என்றாலும், இப்போது நான் ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கலந்தே பயன்படுத்துகிறேன். சில வாரங்களில் கடையில் சோதனைப் பொடி இருப்பதில்லை. தண்ணீர்ப் புட்டியோடு கிளம்புமுன் போனில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.